கடல் காற்று கரை சேரும் வழி

(பெங்களூரு அல்சூரில் தமிழ் அன்பர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு ஒடிசாவின் தால்ச்சரில் கிளம்புகிறது. சுமார் 1,370 கிலோமீட்டர் டி.சி.யாக, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரமாக ஓடி, கோலாரில் திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி.யாக மாறுகிறது. 2003 முதல் இப்படித்தான். அதனால்தான் கடல் காற்றாலை என்றதும், "அங்கேயும் டி.சி. போட்டால் போயிற்று" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

கடலடிக் கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் மூன்று கடத்திகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தடிமனான பாலித்தீன் காப்பு, அதன்மேல் ஈய உறை. மூன்றையும் சேர்த்துக் கட்டி, வெளியே எஃகுக் கம்பிக் கவசம். கடத்திக்கும் உறைக்கும் இடையே காப்பு இருப்பதால் கேபிள் முழுவதுமே ஒரு நீளமான கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேமித்து வெளிவிடும் சாதனம். ஏ.சி. நொடிக்கு 50 சுற்று திசை மாறும்போதெல்லாம் இது நிரம்பிக் காலியாகிறது. 220 கிலோவோல்ட் கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை மெகாவார் (வேலை எதுவும் செய்யாமல் போய்வரும் திறனின் அளவு) இதற்கே போகும். இறங்காமலே போய்வரும் பயணிகள் பஸ்ஸில் இருக்கையை அடைத்துக்கொள்வது போலத்தான். நீளம் கூடக்கூட, பயனுள்ள மின்சாரத்துக்கு இடம் சுருங்கும்.

டி.சி.யில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஏ.சி.யை டி.சி.யாகவும் டி.சி.யை ஏ.சி.யாகவும் மாற்ற இரு முனையிலும் மாற்றி நிலையம் வேண்டும், அதில் ஒன்று நடுக்கடலில் பிரம்மாண்டமான மேடைமேல். தூரம் குறைவென்றால் ஏ.சி.தான் மலிவு, 80, 100 கிலோமீட்டரைத் தாண்டினால் தராசு டி.சி. பக்கம் சாயத் தொடங்கும். ஜெர்மனி 2010 வாக்கில் போர்வின்-1 என்ற கடல் காற்றாலை இணைப்புத் திட்டத்தில் டி.சி.யைத் தேர்ந்தது. இங்கிலாந்தின் ஹார்ன்சீ-1 கடல் காற்றாலை சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் ஏ.சி.யிலேயே வந்தது, அதற்காக வழியில் கடலுக்குள்ளேயே, கேபிள் விழுங்கும் அந்த மெகாவாரை ஈடுசெய்யும் நிலையம் ஒன்று கட்டினார்கள். ஆக, அந்த எல்லைக்கோடு கல்லில் எழுதியது அல்ல.

கோலாரில் இருக்கும் மாற்றி நிலையம், தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்சுகளால் இயங்கும் வகை. அதற்கு இரு பக்கமும் வலுவான கிரிட், அதாவது மின் வலைப்பின்னல் வேண்டும். காற்றாலைகள் மட்டுமே நிற்கும் கடலில் அதற்கு எங்கே போவது? அங்கே தேவை, தானே மின்னழுத்தத்தை உருவாக்கிக்கொள்ளும் வி.எஸ்.சி. வகை. 2021-இல் திறந்த புகளூர்–திருச்சூர் இணைப்பு அந்த வகைதான். அந்த அனுபவம் நம் பொறியாளர்களிடம் இருப்பது எனக்குப் பெரிய நம்பிக்கை.

சரி, மன்னார் வளைகுடாவுக்கு எது? 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாயில் குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் கடல் காற்றாலை என்று ஒப்புதல் தந்தது. கடலிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் பொறுப்பு, மத்திய அரசின் மின்கடத்தல் நிறுவனமான பவர்கிரிட்டுக்கு. கரைக்கு அருகில் 500 மெகாவாட் என்றால், என் கணிப்பில் ஏ.சி. போதும். டி.சி.க்குச் செலவழிப்பது வீண்.

ஆனால் தமிழ்நாட்டுக் கடலில் 35,000 மெகாவாட் வரை வாய்ப்பு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுக்கும் தனித்தனியாகக் கேபிள் இழுத்தால், தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள பவளத்தீவுகள் பக்கமும், மீனவர் வலை போடும் இடங்களிலும் எத்தனை முறை கடலடியைத் தோண்டுவது? எனவே முதல் டெண்டர் எழுதும்போதே, பின்னால் வரும் டி.சி. கேபிள்களும் கரையேறப் பொதுவான இடங்களைக் குறித்து, மாற்றி நிலையத்துக்கு நிலத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். அந்த வரைபடத்தைப் போடும் மேசையில் மீனவர் சங்கங்களும் உட்கார வேண்டும்.