இயேசுவுக்கு அவர் குடும்பம் பலமே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணிக்கும், இவ்வளவு நேரம் பொறுமையா கேட்டுட்டு இருக்குற சபையாருக்கும் வணக்கம். இயேசுவுக்கு அவர் குடும்பம் பலமா பாரமாங்குறது தலைப்பு, பலம்தான்னு சொல்ல நான் வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி சகோதரி பைபிள்ல மாற்கு சுவிசேஷத்தோட 3ம் அதிகாரத்தைக் கையில எடுத்தாங்க. சொந்தக்காரங்களே மதி மயங்கிட்டாருன்னு சொல்லி அவரைப் பிடிச்சிட்டுப் போக வந்தாங்களே, அம்மாவும் சகோதரர்களும் வெளிய நின்னு ஆள் அனுப்புனப்போ யார் என் தாய், யார் என் சகோதரர்னு கேட்டாரே, இதுவா பலம்னு கேட்டு நல்லா கைதட்டலும் வாங்கிட்டாங்க. ஐயா, அதே அதிகாரத்தை கொஞ்சம் மேல இருந்து படிங்க. 6ம் வசனத்துல மதச் சட்டத்தைக் கறாரா பிடிச்ச பரிசேயரும், ஏரோது குடும்ப ஆட்சிக்கு ஆதரவான ஏரோதியரும் சேர்ந்து அவரைத் தீர்த்துக்கட்ட ஆலோசனை பண்றாங்க. 20ம் வசனத்துல கூட்டம் நெருக்கி ஒரு வாய் சாப்பிடக்கூட நேரம் இல்ல. 22ல எருசலேம்ல இருந்து வந்த, வேதத்தைப் போதிக்கிற வேதபாரகர் பேய் பிடிச்சவன்னு பட்டம் கட்டுறாங்க. இத்தனைக்கும் நடுவுலதான் 21ம் வசனத்துல வீட்டு ஆளுங்க கிளம்பி வர்றாங்க. பிள்ளை சாப்பிடல, அதிகாரத்துல இருக்குறவன் எல்லாம் உயிரெடுக்கத் திரியுறான், இது காதுல விழுந்த பிறகு எந்தத் தாய் வீட்ல உக்காந்திருப்பா? அவங்க அவரைத் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க, அதை நான் மறுக்கவே இல்ல, ஆனா பாரம்னு நினைச்சவன் பதறி ஓடி வரமாட்டான்.

அப்புறம் மரியாளோட புருஷன் யோசேப்பு. நாலு சுவிசேஷத்தையும் புரட்டிப் பாருங்க, அந்த மனுஷன் வாய் திறந்து பேசின ஒரு வார்த்தைகூட எழுதப்படல. மரியாள் கர்ப்பமா இருக்காங்கன்னு தெரிஞ்சதும் ஊரைக் கூட்டி அவமானப்படுத்த அவருக்கு மனசு வரல. ஏரோது ராஜா பிள்ளையைக் கொல்லத் தேடுறான்னு சொப்பனத்துல சொன்ன உடனே, விடியட்டும்னுகூட பார்க்காம ராத்திரியே பிள்ளையையும் தாயையும் கூட்டிட்டு எகிப்துக்குக் கிளம்பிட்டார். வசதி இருந்துச்சானா அதுவும் இல்ல, பிள்ளையை தேவாலயத்துக்குக் கொண்டுபோனப்போ செலுத்தினது பறவை ஜோடி, ஆட்டுக்குட்டி வாங்க முடியாத ஏழைங்களுக்கு மோசேயோட சட்டமான நியாயப்பிரமாணம் அனுமதிச்ச காணிக்கை அது. பன்னிரண்டு வயசுல பிள்ளை எருசலேம்ல தங்கிட்டப்போ மூணு நாள் கழிச்சுதான் கண்டுபிடிச்சாங்க, நானும் உன் தகப்பனும் விசாரத்தோட தேடினோமேன்னு அம்மா கேக்குறாங்க. என் பிதாவோட காரியத்துல நான் இருக்கணும்னு தெரியாதான்னு அவர் சொன்ன பதிலை மட்டும் சொல்லி எதிரணி நிறுத்திட்டாங்க, அதுக்கு அப்புறம் அவர் நாசரேத்துக்குத் திரும்பிப் போய் அவங்களுக்குக் கீழ்ப்படிஞ்சு இருந்தார்னு லூக்கா எழுதியிருக்கார், அதை யாரு சொல்றது?

தகப்பனையும் தாயையும் வெறுக்கணும்னு சொன்னவர் ஆச்சேன்னும் கேட்டாங்க. சொன்னார்தான், என்னைப் பின்பற்றுறதுக்கு மேல எதையும் வைக்காதேன்னு சீஷனுக்குச் சொன்ன கடுமையான பேச்சு அது. ஆனா மாற்கு 7ல, எங்கிட்ட இருந்து உங்களுக்கு வரவேண்டியது காணிக்கையா கடவுளுக்குப் போயிடுச்சு, கொர்பான்னு சொல்லிட்டு பெத்தவங்களுக்கு ஒண்ணும் செய்யாம இருந்தவங்களை, கட்டளையையே அவமாக்குறீங்கன்னு கண்டிச்சதும் அதே வாய்தான். கடவுள் பேரைச் சொல்லி அப்பா அம்மாவைக் கைவிடுறதை அவர் ஒத்துக்கவே இல்ல ஐயா. கானா ஊர் கல்யாணம் முடிஞ்ச பிறகு அவர் கப்பர்நகூமுக்குப் போறப்போ கூடப் போனது யாருன்னு யோவான் 2:12 பாருங்க, தாய், சகோதரர், சீஷர், எல்லாரும் ஒண்ணாத்தான் போறாங்க.

சகோதரர்ங்குறது கூடப் பிறந்தவங்களா, யோசேப்போட மூத்த தாரத்துப் பிள்ளைங்களா, பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்களான்னு சபைக்குச் சபை வேற வேற நம்பிக்கை இருக்கு, அந்த வழக்குக்குள்ள நான் போகல. யாக்கோபு, யோசே, யூதா, சீமோன்னு நாலு பேர் மாற்கு 6ல இருக்கு, சகோதரிகளும் இருந்தாங்க, பேர்தான் இல்ல. அவரை மலைவிளிம்புக்கு இழுத்துட்டுப் போய் தள்ளப் பார்த்த ஊருன்னு லூக்கா சொல்ற அதே நாசரேத்துலதான் அந்தப் பொண்ணுங்க இருந்தாங்க. உன் அண்ணன் இப்படி அப்படின்னு தினமும் எத்தனை பேச்சு கேட்டிருப்பாங்கன்னு நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.

கடைசியா எதிரணியோட பெரிய ஆயுதம், யோவான் 7:5, அவர் சகோதரர்களும் அவரை விசுவாசிக்கல. சிலுவையில அம்மாவை ஒரு சீஷன் கையில ஒப்படைச்சாரே, சகோதரர் உருப்படியா இருந்தா அப்படி செய்வாரான்னு கேட்டாங்க. சரி, பக்கத்தைத் திருப்புங்க ஐயா, அவர் பரமேறின உடனே அப்போஸ்தலர் 1:14ல மேல்வீட்டுல ஜெபம் பண்ணிட்டு இருக்குறவங்க யாரு? பதினொரு சீஷரும், சில ஸ்திரீகளும், தாய் மரியாளும், அதே சகோதரரும். உயிர்த்தெழுந்தவர் அந்தச் சகோதரர்ல ஒருத்தரான யாக்கோபுக்குக் காட்சி கொடுத்தார்னு அப்போஸ்தலன் பவுல் கொரிந்தியருக்கு எழுதுறார். ஜெயில்ல இருந்து வெளிய வந்த பேதுரு, இதை யாக்கோபுக்கும் சகோதரருக்கும் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்புறார். யூதர் அல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணணுமா வேண்டாமான்னு எருசலேம்ல பெரிய விவாதம் நடந்தப்போ முடிவா எழுந்து பேசினது யாக்கோபு. மத்த சகோதரரும் மனைவிகளோட ஊர் ஊரா ஊழியத்துக்குப் போனாங்கன்னு பவுலே சாட்சி சொல்றார். இந்த யாக்கோபை கி.பி. 62ல பிரதான ஆசாரியன் அனனஸ் கல்லெறிஞ்சு கொல்ல வச்சதை எழுதி வச்சவர் யோசேபஸ், அவர் கிறிஸ்தவரே இல்ல, யூத சரித்திர ஆசிரியர்.

யாக்கோபு பேர்ல பைபிள்ல இருக்குற நிருபத்தோட, அதாவது கடிதத்தோட, முதல் வரியைப் படிங்க, நான் அவர் சகோதரன்னு ஒரு வார்த்தை இல்ல, ஊழியக்காரன்னுதான் இருக்கு. யூதா நிருபமும் அப்படியே, இயேசுவோட ஊழியக்காரன், யாக்கோபோட சகோதரன், அவ்வளவுதான். இரத்த உறவைச் சொல்லி ஒரு மரியாதைகூட கேக்காத இவங்க ஒரு பாரமான வீட்டுல இருந்து எப்படி வந்தாங்கன்னு, எனக்கு அடுத்து எதிரணியில பேச வர்ற அண்ணன் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.