துரை பங்களாத் தரையும் நம் வீட்டுத் தரையும்

நேயர்களுக்கு வணக்கம். அட்டன் பக்கம் 30 வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். இப்போது வீடு கட்டுகிறவர்களும் ஹோம்ஸ்டே போடுகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பாஸ், தரைக்குப் பலகை போடலாம் என்று இருக்கிறோம். சொலிட் நல்லதா, எஞ்சினியர்ட் நல்லதா?" தை மாதத்து விடியற்காலையில் டைல்ஸில் வெறுங்கால் வைத்தவர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

சொலிட் என்றால் மரத்தில் அறுத்த முழுப் பலகை. 18, 20 மில்லிமீற்றர் கனம் இருக்கும். எஞ்சினியர்டில் மேலே 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை நல்ல மரம், அடியில் பிளைவூட் மாதிரி ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய அடுக்குகள். அதுவும் மரம்தான். மரத்தின் படத்தை அச்சடித்து ஒட்டிய லெமினேட் வேறு சாமான், பார்த்து வாங்குங்கள்.

மழைக்காலத்தில் கதவு இறுகுவது எல்லோருக்கும் தெரியும். தரைப் பலகைக்கும் அதே குணம். ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் பெருக்கும், நீளத்தில் அவ்வளவாக அசையாது. தென்மேல் பருவமழை இறங்கினால் எங்கள் பக்கம் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மாசியில் பகல் சுள்ளென்று காயும். இதற்கெல்லாம் முழுப் பலகை பெருத்துச் சுருங்கிக்கொண்டே இருக்கும். எஞ்சினியர்டில் குறுக்கு அடுக்குகள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் வெள்ளைக்காரன் காலத்துத் துரை பங்களாக்களில் முழுப் பலகை இன்னும் எப்படிக் கிடக்கிறது? அடுத்த முறை போனால் வெளிச்சுவரின் அடியைக் குனிந்து பாருங்கள். கம்பி அடித்த சின்னத் துவாரங்கள் தெரியும். அங்கே பலகை மண்ணைத் தொடுவதில்லை. மரச் சட்டங்களின் மேல் கிடக்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. நாமோ மலையை வெட்டி, மண்ணின் மேலேயே கொங்கிரீட் போட்டு, அதில் பலகையை ஒட்டச் சொல்கிறோம். பின்னால் வெட்டிய மண்சுவரோ வருடம் முழுக்க ஊறிக்கொண்டிருக்கும்.

தலவாக்கலையில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் நல்ல தேக்குப் பலகை போட்டேன். வீட்டுக்கார அக்கா கேட்டார், நானும் சரி என்றேன். ஆடியில் கூப்பிட்டார். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் பள்ளமாக, வரிசையாகத் தோணி கவிழ்க்காமல் வைத்த மாதிரி இருந்தது. அடியில் ஈரம், மேலே காய்ச்சல். அதனால்தான் ஓரம் தூக்குகிறது. எனக்கு அவசரம். சேன்டிங் மெஷினைப் போட்டு ஓரங்களைச் சீவி மட்டமாக்கிவிட்டு வந்தேன். மாசியில் அடி ஈரம் வற்றிப் பலகை பழைய நிலைக்குத் திரும்பியது. சீவிய ஓரம் பள்ளமானது, நடு மேடானது. தப்பு என்னுடையது. காய்ந்து அடங்கும்வரை கை வைத்திருக்கக் கூடாது.

அதனால் இப்போது பலகையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கிறேன். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு கொங்கிரீட்டில் ஒட்டி, ஒரு நாள் விட்டு உரித்துப் பாருங்கள். உள்ளே நீர் முத்து பூத்திருந்தாலோ, சீமெந்து கறுத்திருந்தாலோ எந்தப் பலகையும் இப்போது வேண்டாம். காய்ந்திருந்தாலும் மண்ணின் மேல் போட்ட தரையென்றால் நான் எஞ்சினியர்டைத்தான் சொல்வேன், அதுவும் அடியில் ஈரத்தடைத் தாள் விரித்து. மேல்மாடி என்றால், அடியில் காற்றோடும் தரை என்றால், முழுப் பலகை தாராளமாகப் போடலாம். எதுவானாலும் சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். பலகையைக் கொண்டுவந்து அந்த அறையிலேயே சில நாள் அடுக்கி வைக்க வேண்டும். வரண்ட பகுதியில் காய்ந்த தேக்கை நுவரெலியாவுக்கு ஏற்றி அன்றே அடித்தால் என்ன ஆகும் என்று இனி உங்களுக்கே தெரியும்.

"சொலிட்டை எத்தனை தடவையும் சீவலாமே?" என்பார்கள். பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவும் நாக்கு வரைதான் சீவலாம். அதற்கு மேல் இருப்பது சுமார் 6 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் மேல்மரம் உள்ள எஞ்சினியர்ட் அதைவிட ரொம்பக் குறைவில்லை. 2 மில்லிமீற்றர் சாமானை மட்டும் சீவ யோசிக்க வேண்டும்.

என் வீட்டில் என்ன என்று கேட்பீர்கள். கீழே முழுக்கச் சிவப்பு சீமெந்துதான். மேலே ஒரு அறையில் மட்டும் பலா. நாவலப்பிட்டியில் தங்கச்சி வளவில் நின்ற மரம், அனுமதி எடுத்து வெட்டியது. மழைக்கு இறுகும், மாசியில் இடுக்கில் ஐந்து ரூபாக் குற்றி நுழையும். பேரன் போட்டுப் போட்டுப் பார்க்கிறான்.