மிஸ் டைரியில் ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறார்கள்… இப்போது என்ன செய்வது?

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மகள் பக்கத்து அறையில் தூங்குகிறாள், பெரிய விளக்கைப் போட முடியாது. இந்த மேசை விளக்கு வெளிச்சத்தில் முகம் கொஞ்சம் பேய் மாதிரித் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குரலையும் உயர்த்தப்போவதில்லை, சத்தம் போதவில்லை என்றால் நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கையில் இருப்பது அவளுடைய டைரி. மூன்றாம் வகுப்பு. போன புதன்கிழமைப் பக்கத்தைப் படிக்கிறேன். "வகுப்பில் கவனம் இல்லை. கவனிக்கவும்." கீழே ஒரு கோடு, பெற்றோர் கையொப்பத்துக்கு. எல்லாம் சிவப்பு மையில்.

கவனம் இல்லையாம், கவனிக்கவுமாம். யார் கவனிக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், வகுப்பில் நடப்பதை நான் சமையலறையில் இருந்து எப்படிக் கவனிப்பது, ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டாலும் நாம் செய்கிற வேலை ஒன்று இருக்கிறதே, அதைச் செய்தேன். கூப்பிட்டு உட்காரவைத்துத் திட்டினேன். "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்டேன். அவள் பேந்தப் பேந்த விழித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் என்னவென்றே தெரியாத ஒரு குற்றத்துக்கு அன்றைக்கு ஒரு விசாரணையே நடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நானே டீச்சர். வேறொரு பள்ளியில், 12 வருடமாக இரண்டாம் வகுப்புக்கு எடுக்கிறேன். இதே வரியை, எழுத்துகூட மாறாமல், எத்தனை டைரியில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கும், மேசையில் முப்பது டைரி இருக்கும், அப்போது கை தானாக எழுதுகிற வரி அது. எழுதும்போது எல்லாம் சொல்லிவிட்ட மாதிரி இருக்கும். வாங்கிப் படிக்கும்போதுதான் அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிகிறது.

மறுநாள் அவள் மிஸ்ஸிடம் நேரில் போய்க் கேட்டேன். பாவம், நல்ல மனுஷி. யோசித்துப் பார்த்துச் சொன்னார்கள்: "கணக்கை முதலில் முடித்துவிடுகிறாள். முடித்ததும் பக்கத்துப் பிள்ளைக்கு விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். இரண்டு முறை சொல்லியும் நிறுத்தவில்லை." அவ்வளவுதான் விஷயம்! கவனம் இல்லாமல் இல்லை, வேலை தீர்ந்துபோய் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதாக இருந்தால் தூக்கமா, கண்ணா, காதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதுக்கு, முடித்ததும் கையைத் தூக்கு, மிஸ் அடுத்த பக்கம் தருவார்கள் என்று சொன்னாலே போதும்.

அதனால் அந்த வரியை நானே ஒரு தாளில் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். கேளுங்கள். "இன்று கணக்கை முடித்த பிறகு பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு முறை விடை சொன்னாள். முடித்ததும் கை தூக்கும்படி சொல்லியிருக்கிறேன். வீட்டில் நீங்களும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள்." மூன்று வாக்கியம். என்ன நடந்தது, பள்ளியில் என்ன செய்தோம், வீட்டில் என்ன செய்ய வேண்டும். எழுத ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு நிமிடம் ஒரு வீட்டில் அன்றைய இரவைக் காப்பாற்றும்.

இது என் சொந்த ஞானம் இல்லை. மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், 2015இல் வெளியானது. அது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம் வாண்டுகள் இல்லை. கோடை வகுப்பில் படித்த பிள்ளைகளின் பெற்றோருக்கு வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம், ஆசிரியரிடமிருந்து. அவ்வளவே. தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 ஆகக் குறைந்தார்கள். நன்றாகச் செய்கிறான் என்று சொன்ன செய்தியைவிட, இன்னதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்ன செய்திக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு! ஆனால் அது செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிற வாக்கியமாக இருக்க வேண்டும்.

சரி, டைரிக்கு அப்புறம் கையேடு. வருட ஆரம்பத்தில் ஒரு புத்தகம் தருவார்களே, முதல் பக்கத்தில் பள்ளியின் படம், கடைசிப் பக்கத்தில் கையொப்பம் போட்டுக் கிழித்துத் தருகிற தாள். நாம் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்ப்போம். நானும் அப்படித்தான். உள்ளே இருக்கிற விதிகள் எல்லாம் "கூடாது, கூடாது" என்றே இருக்கும், காரணம் இருக்காது. காரணம் இல்லாத விதியை யாருக்கும் மதிக்கத் தோன்றாது.

உதாரணத்துக்குக் காய்ச்சல். பல பள்ளிகளில் இந்த விதி உண்டு: காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பிள்ளையை அனுப்பலாம். காய்ச்சல் என்றால் பொதுவாக 38 டிகிரி செல்சியஸ், பழைய கணக்கில் 100.4. "மருந்து கொடுக்காமல்" என்ற சொல்லில்தான் சூட்சுமமே. பாராசிட்டமால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். காலை ஏழு மணிக்குக் கொடுத்தால் எட்டரைக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டே வகுப்புக்கு வரும். பதினொன்றரைக்கு மேசையில் தலையைச் சாய்க்கும். தொட்டுப் பார்த்தால் கொதிக்கும். நான் ஃபோன் செய்வேன், "காலையில் நன்றாகத்தானே இருந்தான் மிஸ்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, காலையில் நன்றாகத்தான் இருந்தான், மருந்து அப்படி வைத்திருந்தது. வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாத அம்மா அப்பாவின் கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கு என் மகளின் வகுப்பில் எத்தனை பேர் இருமினார்களோ.

பேன் விஷயம் இதற்கு நேர் எதிர். தலையில் பேன் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும், பேனுக்காகவோ ஈருக்காகவோ நன்றாக இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்றே சொல்கிறது. பேன் குதிக்காது, பறக்காது, நோயும் பரப்பாது. கண்டுபிடிக்கும்போது அது பெரும்பாலும் ஒரு மாதமாவது தலையில் குடியிருந்திருக்கும். ஒரு மாதம் கூடவே உட்கார்ந்திருந்த பிள்ளையை இன்றைக்கு மதியம் அவசரமாகத் துரத்தி என்ன ஆகப்போகிறது? வெட்கம்தான் மிச்சம். உங்கள் பள்ளிக் கையேட்டில் அப்படி ஒரு விதி இருந்தால், சண்டை போடாமல், இதைக் காட்டிக் கேளுங்கள். விதி என்பது கல்வெட்டு இல்லை.

பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல், அடையாள அட்டை, அதையெல்லாம் பேசவே வேண்டாம். அந்த விஷயத்தில் பள்ளி எவ்வளவு கெடுபிடி செய்தாலும் நான் அவர்கள் பக்கம்தான்.

விடுப்பு. இது கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். வேலை நாட்களில் பத்து சதவீதம் வராமல் இருந்தாலே அதைத் தொடர் விடுப்பு என்று கணக்கில் வைக்கிறார்கள் பல இடங்களில். பத்து சதவீதம் என்றால் மாதத்துக்கு இரண்டு நாள். ஒரு நாள் விசேஷம், ஒரு நாள் வயிற்றுவலி, தீர்ந்தது. நாம் யாரும் நம் பிள்ளை அந்தக் கணக்கில் வரும் என்று நினைப்பதில்லை. முன்னே சொன்னேனே டாட் ராஜர்ஸ், அவரும் அவி ஃபெல்லர் என்பவரும் ஃபிலடெல்பியாவில் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களோடு ஒரு ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். அதிகம் விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் பிள்ளை எடுத்த விடுப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார்களாம். அவ்வப்போது ஒரு கடிதத்தில் "உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை" என்று எண்ணிக்கையை எழுதி அனுப்பியதில், தொடர் விடுப்பு பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அதட்டலோ அபராதமோ கிடையாது, வெறும் எண்தான். இதைப் படித்துவிட்டு என் மகளின் ரிப்போர்ட் கார்டை எடுத்துப் பார்த்தேன். நான் ஐந்து நாள் என்று நினைத்திருந்தேன். ஒன்பது!

வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்காத பெற்றோரே இல்லை. பாதிப் பேர் "ஏன் மிஸ் இவ்வளவு?" என்பார்கள், மீதிப் பேர் "ஏன் மிஸ் ஒன்றுமே இல்லை?" என்பார்கள். ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் பல வருட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் சொன்னது இது: மேல் வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு நன்றாகத் தெரிகிறது, தொடக்க வகுப்புகளில் அது மிகவும் மெலிந்துபோகிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் வகுப்புக்குப் பத்து, மூன்றாம் வகுப்புக்கு முப்பது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் அழுதுகொண்டே எழுதினால், தயவுசெய்து நீங்கள் எழுதி முடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் கையெழுத்து எங்களுக்குத் தெரியும், சும்மா சொல்லவில்லை, "க"வின் வளைவிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக முப்பதாவது நிமிடத்தில் நோட்டில் ஒரு கோடு போட்டு, "இதுவரை முப்பது நிமிடம், இதற்கு மேல் முடியவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கோடு எனக்கு முழுப் பக்கத்தைவிடப் பயன்படும். எங்கே சிக்கிக்கொண்டான் என்று அதில்தானே தெரிகிறது.

வாட்ஸ்அப் குழு… இருங்கள், தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். அதைப் பற்றிப் பேசத் தொண்டை வேண்டும். இரவு பத்தரைக்கு "நாளைக்கு என்ன நிற சார்ட் பேப்பர்?" என்று ஒருவர் கேட்பார். ஆறு பேர் ஆறு நிறம் சொல்வார்கள். இதுவரைக்கும் பரவாயில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டது என்று பெயரைப் போட்டு எழுதுவதுதான் எனக்குத் தாங்காது. ஏழு வயதுப் பிள்ளையின் பெயரை முப்பது வீட்டுக்கு விசாரணைக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியருக்குத் தனியாக ஒரு செய்தி போதும்.

ஆசிரியர் சந்திப்பு பத்து நிமிடம்தான் இருக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. அதில் "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நன்றாகப் படிக்கிறான், இன்னும் முயற்சி வேண்டும்" என்ற பதில்தான் வரும், நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். "இந்த வாரம் அவன் எதில் சிக்கினான்?" என்று கேட்டுப் பாருங்கள். "இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான்?" என்று கேளுங்கள். டீச்சர் நிமிர்ந்து உட்காருவார். தண்டனை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்கலாம், தயங்க வேண்டாம். பள்ளி ஒழுங்குமுறை பிள்ளையின் மனித மாண்புக்குக் குறைவு வராதபடி இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலேயே, 28ஆவது பிரிவில், எழுதிவைத்திருக்கிறார்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

போன மாதம் ஒரு பையனின் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். விரல் வைக்காமல் ஒரு பக்கம் முழுக்க வாசித்துவிட்டான், முதல் தடவை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எடுத்ததுமே அவர்கள் கேட்டது, "என்ன செய்துவிட்டான் மிஸ்?" எனக்கு அடுத்த சொல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. என் எண்ணைப் பார்த்தாலே அவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கிறது. தப்பு என்மேல்தான். அந்த வருடத்தில் அதற்கு முன்னால் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறேன், நான்கும் புகார். வாசித்தான் என்று சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அவங்க அப்பாகிட்ட நீங்களே ஒரு தடவை சொல்றீங்களா மிஸ்?" என்றார்கள். சொன்னேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஐந்து டைரியை வீட்டுக்கு எடுத்துவந்து, பச்சை மையில், பார்த்த ஒரு நல்ல விஷயத்தை எழுதுகிறேன். "நல்ல பிள்ளை" என்று எழுதக் கூடாது, பார்த்ததைத்தான் எழுத வேண்டும். திங்கட்கிழமை காலை அவர்கள் பைக்குப் போய்விடும். இன்றைக்கு மூன்று முடித்துவிட்டேன். நாலாவது ஒரு குட்டிப்பெண், வாயே திறக்க மாட்டாள், அவளைப் பற்றி என்ன எழுதுவது என்றுதான் அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாரம் முழுக்க நான் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

இருங்கள்… உள்ளே கூப்பிடுகிறாள். விழித்துவிட்டாள். நான் போகிறேன், வருகிறேன்.