கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

‘கொடைக்கானலில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று தலைப்புக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். வெறும் பெயர்களைச் சொல்ல அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை, பைன் காடு, மோயர் பாயிண்ட். முடிந்துவிட்டது. ஏழு ரோடு சந்திப்பில் போய் நின்றால் வேன்காரர்கள் இதைவிட வேகமாகச் சொல்லி, ஆளுக்கு எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

வேன்காரர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. காலையில் ஏற்றி மாலையில் இறக்கினால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. கோபமெல்லாம் அந்த ‘பாயிண்ட்’ கணக்கின் மேல்தான். எங்கள் அக்கா வீட்டுக்காரர் விருதுநகர்க்காரர். ஒருமுறை குடும்பத்தோடு வந்து எல்லாப் பாயிண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது, “அத்தான், தூண் பாறை எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “ஒரே மஞ்சு மாப்பிள்ளை, ஒண்ணும் தெரியல. சோளக்கதிர் நல்லா இருந்துச்சு” என்றார். சோளக்கதிரைக் குறை சொல்ல மாட்டேன். கரியில் வாட்டி, எலுமிச்சம்பழத்தை மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தால் அந்தக் குளிரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் தூண் பாறை அங்கே 400 அடி உயரத்துக்கு மூன்று தூண்களாக நிற்கிறது. இன்னும் கால் மணி நேரம் நின்றிருந்தால் மஞ்சு விலகியிருக்கும். வேன் ஹாரன் அடித்தது, ஏறிவிட்டார்கள்.

அதனால் இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். வண்டியை விட்டு இறங்குங்கள். இறங்கினால் கொஞ்சம் நில்லுங்கள்.

இந்த ஊர் ஒரு காலத்தில் நடந்து வந்தவர்களுடைய ஊர். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, வெயிலுக்கு ஒதுங்க இடம் தேடி மேலே வந்து 1845-ல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அப்போது ஏது காட் ரோடு? பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான பாதை. துரைகளும் துரைசானிகளும் டோலியிலும் மட்டக்குதிரையிலும் வந்தார்கள். டோலியைத் தூக்கியவர்கள் நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தப் பாயிண்டுக்கும் வைக்கப்படவில்லை. 1875-ல் கொடை ரோடு ரயில் நிலையம் வந்த பிறகும், மலை ஏறுவது நெடுங்காலம் இப்படித்தான் நடந்தது. இன்றும் கொடை ரோட்டில் இறங்கிவிட்டு, ‘ஊர் எங்கே?’ என்று தேடுகிறவர்கள் உண்டு. ஊருக்கு அங்கிருந்து 80 கிலோமீட்டர் போக வேண்டும்.

ஏரியைப் பார்த்தவர்கள் அது இயற்கையாக அமைந்தது என்றுதான் நினைப்பார்கள். அது கட்டிய ஏரி. மதுரையில் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை போட்டு உண்டாக்கியது. சுற்றி வந்தால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், குதிரையும் கிடைக்கும். காலை ஏழு மணிக்குள் போனால் நடப்பதே சுகம், கூட்டம் இருக்காது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மேலே ஏறி வரும்போது, ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால், ரோட்டோரத்தில் சில்வர் காஸ்கேட் அருவியில் எல்லோரும் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள் அல்லவா? அங்கே விழுவது இந்த ஏரியின் உபரித் தண்ணீர்தான். ஏரியில் நாம் எதைப் போட்டாலும் அது அந்த வழியாகக் கீழே போகும். சிப்ஸ் பாக்கெட்டோடு படகில் ஏறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கோக்கர்ஸ் வாக். 1872-ல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை, சுமார் 1 கிலோமீட்டர். மலையின் விளிம்பை ஒட்டியே போகும். இங்கே மாலையில் போய் நில்லுங்கள் என்பேன். பள்ளத்தில் மஞ்சு நிரம்பியிருந்து, மேற்கு வெயில் உங்கள் முதுகில் விழுந்தால், கீழே மஞ்சின் மேல் உங்கள் நிழலே பெரிதாகத் தெரியும். தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டமும் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் கேட்டால் வட்டம் தன் தலைக்குத்தான் என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மஞ்சுத் துளிகளில் பட்ட வெளிச்சம், வந்த திசையிலேயே திரும்புவதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் வட்டம். இது தினமும் கிடைக்காது. கிடைக்கிற நாளில் நீங்கள் அங்கே நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இனி நான் பேச ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் மேலே போனால் ஒரு வானாய்வு நிலையம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்தப் பகுதியையே ‘அப்சர்வேட்டரி’ என்கிறார்கள். 1899 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரம். அங்கே ராத்திரி நட்சத்திரம் பார்ப்பதைவிடப் பகலில் சூரியனைப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. வெயிலே கிடைக்காத ஊர் என்று நாம் போர்வையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். வெள்ளைக்காரன் அதே ஊரைச் சூரியனைப் பார்க்கத் தேர்ந்தெடுத்திருக்கிறான். தூசி குறைவு, காலை நேரத்துக் காற்று தெளிவு. மத்தியானத்துக்கு மேல் மஞ்சு வந்தாலும் காலையிலேயே படம் எடுத்து முடித்துவிடலாம்.

உள்ளே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியில் நல்ல வெயில் அடித்தால், உள்ளே சூரியனின் பிம்பத்தை வெண்திரையில் விழவைத்துக் காட்டுவார்கள். மங்கலான அறை, திரையில் வெளிறிய மஞ்சள் வட்டம். ஓரம் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். நம் காற்று அசைவதால் வரும் நடுக்கம் அது. வட்டத்துக்குள் எங்காவது ஒரு சின்னக் கரும்புள்ளி தெரியும். தூசி என்று நினைத்துத் துடைக்கத் தோன்றும். அந்தப் புள்ளிக்குள் நம் பூமியையே போடலாம்.

ஒருநாள் பழனிக்கு வந்துவிட்டு அப்படியே மேலே ஏறிவந்த கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. கமுதிப் பக்கத்து ஆட்கள். என்னோடு சில மாணவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் அந்தப் புள்ளியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடும், பிறகு குறையும் என்றேன். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்துச் சுற்றிக்கொண்டு கேட்டார். “ஏய்யா, இந்தப் புள்ளி இருந்தா மழை வருமா, வராதா?”

மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த நிலையம் இருப்பதே அந்தக் கேள்வியால்தான்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். கஞ்சித்தொட்டி, கூட்டம் கூட்டமாக ஊரைக் காலிசெய்தது, கப்பலேறியது எல்லாம் அப்போது நடந்தது. அந்த நேரத்தில், 1877-ல், டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் பழைய மழைக் கணக்கையும் சூரியப் புள்ளிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புள்ளி குறைகிற வருஷங்களில் மழையும் குறைகிறது என்றார். அதை ஒத்துக்கொண்டவர்களும் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் சூரியனை விடாமல் கவனித்தால் பருவமழையின் போக்குப் பிடிபடலாம் என்ற எண்ணம் மட்டும் அழியவில்லை. கடைசியில் 1893-ல், இங்கிலாந்தில் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, கொடைக்கானலில் சூரிய ஆய்வு நிலையம் வைப்பதென்று முடிவெடுத்தது. சென்னையிலிருந்த வானாய்வு நிலையத்தின் கருவிகளும் வேலைகளும் மேலே வந்தன. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் முதல் இயக்குநர். மோட்டார் ரோடு வராத காலம் என்று முன்னால் சொன்னேனே, அந்தக் காலத்தில் தொலைநோக்கி வந்திருக்கிறது!

ஆக, கமுதி அம்மா கேட்டது அறியாமையில் கேட்ட கேள்வி அல்ல. படித்த துரைமார்கள் கேட்ட அதே கேள்வி. நான் அந்த அம்மாவிடம், “இன்னும் அப்படித் திட்டமாச் சொல்ல முடியலம்மா. புள்ளியை வச்சு மழையைக் கணிக்கலாம்னு நம்பித்தான் இதைக் கட்டினாங்க, அது கைகூடல” என்றேன். “அப்ப இத்தனை வருசமா என்ன பண்ணுறாங்க?” என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

என்ன பண்ணுகிறார்கள்? 1904-லிருந்து, வெயில் கிடைத்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்துக்கொண்டே வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில் எடுத்தார்கள். அந்தப் படங்களை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனின் முகத்தைப் பதிந்து வைத்திருக்கும் நிலையங்கள் உலகத்தில் மிகக் குறைவு. வேறு நாட்டு ஆராய்ச்சியாளர்களும் இந்தப் படங்களை வைத்து வேலை செய்கிறார்கள்.

அதோடு 1909 ஜனவரியில் இங்கே ஒன்று நடந்தது. ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர், 1907-ல் இங்கே வந்தவர், சூரியப் புள்ளியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போகும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? வெளிச்சத்திலும் அதுபோல ஒரு மாற்றம் உண்டு. அதை வைத்து, புள்ளியின் விளிம்புப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வினாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய மனைவி மேரியும் வானியல் படித்தவர், கூடவே வேலை செய்தவர். இந்த ஊரில் அறியப்பட்ட ஒன்று உலகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம் பாயிண்ட் பட்டியலில் அது கடைசி வரியிலும் வருவதில்லை. எனக்கு இதில் வருத்தம்தான், வேறென்ன சொல்ல.

வானொலி நேயர்களுக்கு இன்னும் ஒரு சம்பந்தம் உண்டு. சிற்றலை வரிசையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், சில பகல்களில் தூரத்து நிலையங்கள் திடீரென்று அமுங்கிப் போகும். அதற்குச் சூரியனில் நடக்கும் வெடிப்பும் ஒரு காரணம். இப்போது நம் தலைக்கு மேலே செயற்கைக்கோள்கள் சுற்றுவதால் அந்த வெடிப்புகளைக் கவனிப்பது இன்னும் அவசியமாகிவிட்டது.

பார்வையாளர் நேரத்தை விசாரித்துக்கொண்டு, காலை வெயிலில் போங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வேன்காரர் “அங்க ஒண்ணும் இல்ல சார்” என்பார். நீங்கள் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதியாக மாறிய வெள்ளைக்காரப் பெண்மணி 1936-ல் கட்டிய முருகன் கோயில். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பழனி மலையும் தெரியும், வைகை அணையும் தெரியும். குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் வந்து கோயில் வாசலில், ‘பூ எங்கே?’ என்று கேட்காதீர்கள்.

பூம்பாறைக்குப் போங்கள். படிப்படியாக வெட்டிய வயல், நடுவில் ஊர், அங்கே குழந்தை வேலப்பர் கோயில். சிலை போகர் செய்தது என்பார்கள். அந்தப் பக்கம் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பல் சின்னது, வாசனை தூக்கும். மூட்டையில் இருப்பதை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மன்னவனூரைப் பற்றியும் வட்டக்கானலைப் பற்றியும் சொல்ல நேரமில்லை.

கிளம்பும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். ஸ்வெட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, அங்கேயே கிடைக்கும், பேரம் பேசுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.