கண்ணுக்குத் தெரியாத குதிரைகள்: ஹாரி பாட்டரைப் பெரியவர்கள் ஏன் திரும்ப வாசிக்கிறார்கள்?

(திரையில்: கறுப்பு வெள்ளையில் ஒரு நீராவி ரயில். ஒலி மட்டும் முதலில், பிறகு குரல்.)

1998-இல் பிரிட்டனில் ஒரு புத்தகத்துக்கு இரண்டாவது அட்டை போட்டார்கள். உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை. பழைய அட்டையில் சிவப்பு எஞ்சினும், கண்ணாடி அணிந்த ஒரு சிறுவனும், பளிச்சென்ற நிறங்களும் இருந்தன. புதிய அட்டையில் ஒரு ரயிலின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் மட்டுமே. வேலைக்குப் போகிற பெரியவர்கள் ரயிலில் உட்கார்ந்து கூச்சப்படாமல் அந்தப் புத்தகத்தைப் பிரிக்கட்டும் என்பதற்காகப் பதிப்பாளர் செய்த ஏற்பாடு அது.

அந்தப் புத்தகம், மந்திரப் பள்ளியில் சேரும் ஒரு சிறுவனைப் பற்றி ஜே.கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல். 1997 ஜூன் 26 அன்று புளூம்ஸ்பரி பதிப்பகம் அதைக் கெட்டி அட்டையில் வெறும் 500 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டது. சிறுவர் நூல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஓர் ஆண்டுக்குள் அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகள் தூங்கிய பிறகு அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

(திரையில்: செய்தித்தாள் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன.)

2000 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் சிறுவர் நூல்களுக்கென்று தனியாக ஒரு விற்பனைப் பட்டியலைத் தொடங்கியது. காரணம் எளிது. பெரியவர்களின் நாவல்கள் இருக்க வேண்டிய பட்டியலின் உச்சியில் மாதக்கணக்கில் ஹாரி பாட்டர் உட்கார்ந்திருந்தான், நான்காம் புத்தகமும் வரவிருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் விட்பிரெட் விருதில் மூன்றாம் புத்தகம் ஷேமஸ் ஹீனியுடன் மோதி நூலிழையில் தோற்றது. ஹீனி நோபல் பரிசு பெற்ற கவிஞர். அவர் கொண்டுவந்திருந்தது ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் மொழிபெயர்ப்பு. அரக்கனை வீரன் கொல்லும் கதை! பேய்க்கதையும் பூதக்கதையும் பெரியவர்களுக்கு ஆகாது என்று யார் சொன்னது?

இதற்கெல்லாம் வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். “நம் எல்லாருக்குள்ளும் ஒரு குழந்தை இருக்கிறது, அந்தக் குழந்தைதான் வாசிக்கிறது.” எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. இந்தக் கதைகளில் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே கண்ணில் படுகிற இடங்கள் இருக்கின்றன. குழந்தை அவற்றின் மேல் ஓடிக் கடந்துவிடும். கடன் கட்டியவர்களும் மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தவர்களும் நின்றுவிடுவார்கள். அந்த இடங்களைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். ஏழு புத்தகங்களையும் முடிக்காதவர்கள் இங்கேயே வீடியோவை நிறுத்திவிடுங்கள், முடிவுவரை பேசப்போகிறேன்.

(திரையில்: இருண்ட அறை. தரையிலிருந்து கூரைவரை ஒரு கண்ணாடி.)

முதல் புத்தகத்தில் வரும் கண்ணாடியிலிருந்து தொடங்குவோம். அதன் பெயர் எரிசெட். ஆங்கிலத்தில் ஆசையைக் குறிக்கும் ‘டிசையர்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டால் வரும் பெயர். அதன் முன் நிற்பவருக்கு முகம் தெரியாது, மனத்தின் ஆழத்தில் கிடக்கும் ஏக்கம் தெரியும். பெற்றோரைக் கைக்குழந்தையாகவே இழந்த ஹாரிக்கு அப்பாவும் அம்மாவும் மொத்தக் குடும்பமும் தெரிகிறார்கள். அண்ணன்மார்களின் நிழலில் வளரும் அவன் நண்பன் ரானுக்கு, தான் கோப்பையோடு தனியாக நிற்பது தெரிகிறது.

பதினோரு வயதுப் பையன் தலைமை ஆசிரியர் டம்பிள்டோரிடம் கேட்கிறான்: நீங்கள் பார்த்தால் என்ன தெரியும்? அவர் சொல்கிறார்: கையில் ஒரு ஜோடி கனமான கம்பளிக் காலுறை. இந்தக் கிறிஸ்துமசுக்கும் யாரும் தரவில்லை, எல்லாரும் புத்தகமாகவே கொடுக்கிறார்கள்.

குழந்தைகள் இங்கே சிரிப்பார்கள். நானும் 13 வயதில், பள்ளி நூலகத்தின் மேசையில், சத்தமாகச் சிரித்து அதட்டு வாங்கினேன். அதற்கு அடுத்து வரும் வரியை நான் அன்று வாசித்ததாகவே நினைவில்லை. படுக்கைக்குத் திரும்பிய பிறகுதான் ஹாரிக்கு உறைக்கிறது, அவர் முழு உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார் என்று.

அந்த உண்மை தெரிய ஏழாம் புத்தகம்வரை, அதாவது 2007 வரை, வாசகர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. டம்பிள்டோருக்கு ஒரு தங்கை இருந்தாள், அரியானா. அப்பா சிறையில் செத்தார். அம்மாவும் போனார். பிறகு, டம்பிள்டோரும் தம்பியும் நண்பனும் போட்ட சண்டைக்கு நடுவில் அரியானா இறந்துபோனாள். யாருடைய மந்திரம் பட்டது என்று கடைசிவரை தெரியாது. நூறு வயதைத் தாண்டிய அந்த மனிதர் அந்தக் கண்ணாடியில் எதைப் பார்த்திருப்பார் என்று இனி நம்மிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையிடம் சொல்ல முடியாத ஒன்றைக் காலுறைக் கதையால் மூடியிருக்கிறார். நம் வீடுகளிலும் பெரியவர்கள் இதைத்தானே செய்கிறார்கள்? “கண்ணில் தூசி விழுந்துவிட்டது” என்று அம்மா சொன்னால் நாமும் ஒரு காலத்தில் நம்பினோம்.

எழுதியவரின் வாழ்க்கையும் இங்கே சற்றுத் தெரிகிறது. 1990-இல் மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போகும் ரயில் தாமதமானபோது ரௌலிங்குக்கு இந்தக் கதை தோன்றியது. அதே ஆண்டு டிசம்பர் முடிவில் அவருடைய தாய் 45 வயதில் இறந்துவிட்டார். இப்படி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் மகள் சொல்லியிருக்கவே இல்லை.

(திரையில்: பழைய மர அலமாரி. கதவு மெல்ல ஆடுகிறது.)

அடுத்தது பொகார்ட். எதிரே நிற்பவர் எதற்கு அதிகம் அஞ்சுகிறாரோ அந்த உருவத்தை எடுக்கும் ஒரு ஜந்து. மூன்றாம் புத்தகத்தில் ஆசிரியர் லூபின் மாணவர்களை வரிசையில் நிறுத்தி, அலமாரியைத் திறந்துவிடுகிறார். பயத்தைக் கேலிக்குரியதாகக் கற்பனை செய்து மந்திரத்தைச் சொல்ல வேண்டும், சிரித்தால் அது தோற்றுவிடும். நெவில் என்ற பயந்த பையனுக்குக் கடுகடுத்த ஆசிரியர் ஸ்னேப் வருகிறார். பாட்டியின் பச்சை உடுப்பும், பாடம் செய்த கழுகு வைத்த தொப்பியும், சிவப்புக் கைப்பையுமாக ஸ்னேப் மாறிப்போக, வகுப்பே கைதட்டிச் சிரிக்கிறது. இவ்வளவு மகிழ்ச்சியான வகுப்பறை ஏழு நூல்களிலும் வேறு கிடையாது.

இரண்டு புத்தகங்கள் கழித்து அதே ஜந்து மீண்டும் வருகிறது. இம்முறை அதன் எதிரே நிற்பவர் மோலி வீஸ்லி, ரான் உட்பட ஏழு பிள்ளைகளின் தாய். பாழடைந்த வீட்டின் ஓர் அறையில், எழுதும் மேசைக்குள் ஒளிந்திருக்கும் பொகார்ட்டைத் துரத்தத் தனியாகப் போகிறார். ஹாரி உள்ளே நுழையும்போது தரையில் ரான் செத்துக் கிடக்கிறான். மோலி அழுதபடியே மந்திரத்தைச் சொல்கிறார். ரான் மறைந்து மூத்தவன் பில் கிடக்கிறான். மறுபடி சொல்கிறார். கணவர். இரட்டையர்கள். பெர்சி. கடைசியில் ஹாரியே.

மந்திரம் அவருக்குத் தெரியும். ஆனால் பிள்ளையின் பிணத்தை எப்படி வேடிக்கையாகக் கற்பனை செய்வது? அந்தப் பாடம் பதின்மூன்று வயதுக்காரர்களுக்குத்தான் பலித்தது. ஐந்தாம் புத்தகத்தில் ரௌலிங் தன் கதையின் விதியைத் தானே எடுத்து உடைத்திருக்கிறார், அதுவும் ஒரு தாயின் முன்னால். ஏழாம் புத்தகத்தில் இரட்டையரில் ஒருவனான ஃபிரெட் இறக்கும்போது, மோலி அந்தக் காட்சியை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர் என்பது நினைவுக்கு வந்து நெஞ்சை அடைக்கிறது.

மோலியின் வீட்டில் ஒரு கடிகாரம் உண்டு. நேரம் காட்டாது. குடும்பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்பது முட்கள், எண்களுக்குப் பதிலாக வீடு, பள்ளி, வேலை, பயணம், மருத்துவமனை என்று இடங்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய உச்சியில் ‘உயிராபத்து’. முதலில் வரும்போது அது ஒரு வேடிக்கைப் பொருள், எனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். ஆறாம் புத்தகத்தில், ஹாரியின் பெற்றோரைக் கொன்ற கொடிய மந்திரவாதியோடு போர் வந்துவிட்டது. ஒன்பது முட்களும் உயிராபத்தில் நிற்கின்றன. மோலி அந்தக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துணிக்கூடையில், போர்வைகளின் மேல் வைத்து, போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு தாயின் கவலையைப் பற்றி ஒரு வரி விளக்கம் கிடையாது. கூடையும் கடிகாரமும் மட்டும். இரவில் பிள்ளை வீடு திரும்பும்வரை கைப்பேசியைக் கையை விட்டுக் கீழே வைக்காதவர்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

(திரையில்: ஒரு சிறிய மிட்டாய்க் காகிதம், உள்ளங்கையில்.)

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அதே நெவில். முதல் புத்தகத்தில் அவன் ஒரு நகைச்சுவைப் பாத்திரம்: வளர்க்கும் தேரையைத் தொலைப்பான், எதையும் மறப்பான், பாட்டிக்கு நடுங்குவான். பெற்றோர் பற்றி அவன் வாயே திறக்க மாட்டான். வாசகர்களான நாமும் கேட்பதில்லை.

ஐந்தாம் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் சமயம். மருத்துவமனையில் தற்செயலாக ஒரு வார்டுக்குள் நுழையும் ஹாரியும் நண்பர்களும், திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரும் நெவிலையும் பாட்டியையும் பார்க்கிறார்கள். திரைக்குப் பின்னால் அவன் அப்பாவும் அம்மாவும். எதிரிகளின் சித்திரவதையில் புத்தி பேதலித்து, நெவில் குழந்தையாக இருந்த காலத்திலிருந்து அங்கேயே கிடக்கிறார்கள். மகனை அவர்களுக்கு அடையாளம் தெரியாது. அப்போது அவன் அம்மா இரவு உடையில் தள்ளாடி வருகிறார். தலை நரைத்துவிட்டது, முகம் ஒடுங்கிவிட்டது. பேச வராமல் கையை நீட்டி மகனிடம் எதையோ கொடுக்கிறார். சூயிங்கம் சுற்றிவந்த காகிதம். வெறும் காகிதம்.

பாட்டி சலிப்போடு சொல்கிறார்: குப்பையில் போடு, இதுவரை அவள் கொடுத்ததை வைத்து உன் அறைச் சுவர் முழுக்க ஒட்டிவிடலாம். நெவில் தலையாட்டுகிறான். ஆனால் வெளியே போகும்போது அவன் அதைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டதை ஹாரி பார்த்துவிடுகிறான்.

இந்தக் காட்சியில் மந்திரம் ஏதுமில்லை. மந்திர உலகத்தின் மருத்துவமனையில், மந்திரத்தால் குணப்படுத்த முடியாத வார்டில் நடக்கிறது. நினைவு தப்பிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகனோ மகளோ இதை வாசித்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று வெளியே போய் நிற்பார்கள். பாட்டியின்மேல் எனக்குக் கோபம் வந்ததுண்டு. இப்போது வருவதில்லை. மகனையும் மருமகளையும் அப்படிப் பார்த்துக்கொண்டு பேரனையும் வளர்த்த கிழவி அவர். சலிப்பாகப் பேசினால்தான் அவரால் அந்த வார்டுக்கு மறுமுறை வர முடியும்.

கவனித்துப் பார்த்தால் எழுதும் முறை எங்கும் ஒன்றுதான். ஏறக்குறைய எல்லாமே ஹாரியின் கண் வழியாகச் சொல்லப்படுகிறது. அவன் 11 வயதில் பள்ளியில் சேர்ந்து 17 வயதில் போரை முடிக்கிறான். பெரியவர்களின் துயரம் அவன் பார்வையின் ஓரத்தில் வந்து போகும், அவன் பாதி புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவான். மீதிப் பாதி நமக்கு விடப்பட்டிருக்கிறது. அவன் வளர வளர ஓரத்தில் இருந்தவை நடுவுக்கு வருகின்றன, புத்தகமும் தடிக்கிறது. முதல் நூலின் பிரிட்டிஷ் பதிப்பு 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். ஐந்தாவதில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்பது என் கருத்து. ஹாரி எரிந்து விழுந்துகொண்டே இருக்கும் அத்தியாயங்கள் நீளம்தான். ஆனால் மோலியும் நெவிலும் இருப்பது அதே புத்தகத்தில், அதனால் ஒரு பக்கத்தையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

(திரையில்: மழை இரவு. வரிசையாக நிற்கும் வண்டிகள். முன்னால் எதுவும் கட்டப்படவில்லை.)

கடைசியாக, வண்டிகள். மூன்றாம் புத்தகத்தில் மாணவர்களை ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு ஏற்றிச் செல்ல நூறு வண்டிகளாவது நிற்கின்றன. இழுக்க எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குதிரை இருக்கும்போல என்று ஹாரி நினைத்துக்கொள்கிறான். அத்துடன் சரி, நாமும் மறந்துவிடுகிறோம். நான்காம் புத்தகத்தின் முடிவில் செட்ரிக் என்ற மாணவன் ஹாரியின் கண்ணெதிரே கொல்லப்படுகிறான். ஐந்தாம் ஆண்டு பள்ளி திறக்கும்போது அதே வண்டிகளின் முன்னால் எலும்பும் தோலுமாய், கறுப்புச் சிறகுகளோடு குதிரைகள் நிற்கின்றன. தெஸ்ட்ரல்கள். மரணத்தை நேரில் பார்த்தவர்களுக்கு மட்டுமே அவை தெரியும். பக்கத்தில் நிற்கும் ரானுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்த லூனாவுக்குத் தெரிகிறது.

என் அப்பா இறந்த ஆண்டில் நான் ஐந்தாம் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த இடம் வந்தபோது பழைய பிரதியில் நான் பள்ளி நாட்களில் பென்சிலால் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது: “சூப்பர் குதிரை.” அதன் கீழே புதிதாக எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இப்போது என் அக்கா மகள் வாசிக்கிறாள். அவளுக்கு 11 வயது. போன வாரம் மூன்றாம் புத்தகத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சித்தி, குதிரை இல்லாமல் வண்டி எப்படி ஓடுகிறது? இதில் சொல்லவே இல்லையே.”

“பின்னால் சொல்வார்கள். படி.”

“எந்தப் புத்தகத்தில்?”

“அவசரமில்லை” என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

(திரை இருள்கிறது. வண்டிச் சக்கரங்களின் ஒலி மட்டும்.)