கித்தா என்ற சொல் எங்கிருந்து வந்தது?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், தோட்டத்துப் பாதை. மரத்தில் சாய்வான வெட்டுக் கோடு, கீழே பால் பிடிக்கும் மங்கு.]

வணக்கம். இதைத்தான் எங்கள் ஊரில் கித்தா மரம் என்போம். பிள்ளைகள் கட்டுரையில் அப்படி எழுதினால் "ரப்பர் என்று எழுது, அதுதான் சரி" என்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

மலாயில் கெத்தா என்றால் மரத்தில் வடியும் பால், பிசின். அந்தக் 'கெ' முழு எகரம் இல்லை, வாய்க்குள்ளேயே மழுங்கிப் போகும் ஒலி, தமிழில் அதற்கு எழுத்து கிடையாது; பால் வெட்டியவர்கள் வாயில் அது 'கி' ஆனது, கடைசியில் லேசாக வரும் ஹகரமும் உதிர்ந்தது. நம்முடைய 'கடை' மலாய்க்குப் போய் 'கெடாய்' ஆனபோது இதே ஒலிதான் எதிர்த்திசையில் வேலை செய்தது. தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கித்தான் துணி ஞாபகம் வரலாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

[காட்சி: கத்தி பட்டதும் பட்டையில் வெள்ளையாகத் துளிர்த்து, கோட்டு வழியே மங்குக்கு இறங்கும் பால்.]

இந்த மரம் பிரேசிலைச் சேர்ந்தது. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று பெரிய மரமாக இன்னும் அங்கே நிற்கிறது. மரம்தான் புதுசு, சொல் ஏற்கெனவே இங்கே இருந்தது. இங்கத்துக் காட்டு மரம் ஒன்றின் பிசினை மலாய்க்காரர்கள் கெத்தா பெர்ச்சா என்றார்கள். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். 1843இல் அது லண்டனுக்குப் போய் 'கட்டா பெர்ச்சா' ஆனது, லத்தீனில் 'குட்டா' என்றால் துளி என்பதால் எழுத்துக்கூட்டலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாவற்றிலும் அதே பெயர்தான். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறை இந்தப் பிசின்தான், 1866இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பிக்கும் அதேதான். அதற்காகக் காட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்தே பிசின் எடுத்தார்கள். இன்றும் பல் டாக்டர் வேர் சிகிச்சை செய்தால் உள்ளே அடைப்பது இதைத்தான்.

சரி, ரப்பர்? அது ஆங்கிலத்தில் 'தேய்ப்பது'. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், பென்சில் கோட்டை அழிக்க இது நன்றாக உதவும் என்று எழுதி வைத்தார். அழிக்கிற வேலையை வைத்தே பெயரும் நிலைத்தது. அதுவும் கடன் சொல், கித்தாவும் கடன் சொல். நம்முடையது பாலையே பெயராகக் கொண்டது, இந்த மண்ணிலேயே கிடைத்தது, நிரையில் நின்று பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் வாயில் புழங்கி நமக்கு வந்தது. ஆசிரியர்களே, பிள்ளைகள் அதை எழுதினால் சிவப்பு மையில் அடிக்காதீர்கள்.