போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கிய சிறுநீரக மாற்று. பதில் சொன்னது மாட்டுத் தொழுவம்!

வணக்கம் மதுரை மக்களே!

1954, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 23 வயது இரட்டைப் பிள்ளைகள் இருவரை டாக்டர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புகிறார்கள். திருட்டு கேஸா? இல்லை. கைரேகை எடுக்க! ரிச்சர்டுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, ரொனால்டு ஒன்றைத் தரத் தயார். ஆனால் இருவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்தானா? அதை உறுதி செய்யாமல் கத்தியை எடுக்க முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? நம் செல் ஒவ்வொன்றுக்கும் ரேஷன் கார்டு மாதிரி ஓர் அடையாளம் உண்டு. அட்டை மாறியிருந்தால் ரத்தத்தில் ரோந்து போகும் வெள்ளை அணுக்கள் அடித்துத் துரத்திவிடும். உயிர் காக்க வந்த சிறுநீரகமாக இருந்தாலும் அதே அடிதான். பின்னணி அவ்வளவுதான், போரடிக்க மாட்டேன்.

"நத்தம் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டு கட்டுகிறோமே, அது மட்டும் எப்படிப் பிடிக்கிறது?" என்று யாராவது கேட்பீர்கள். மாமரத்துக்கு இந்த ரோந்துப் படை கிடையாது. கொடுத்து வைத்த மரம்!

அந்த ஆபரேஷனைச் செய்த ஜோசப் மர்ரே அடிப்படையில் பிளாஸ்டிக் சர்ஜன். இரண்டாம் உலகப் போரில் தீக்காயப்பட்ட வீரர்களுக்குத் தோல் ஒட்டியவர். அடுத்தவர் தோலை ஒட்டினால் கொஞ்ச நாளில் கழன்று விழுவதைத் தினமும் பார்த்தார். ஆனால் உடம்பில் பெரும்பகுதி வெந்து, சக்தியெல்லாம் வற்றிப்போன ஒரு விமானிக்கு மட்டும் அந்தத் தோல் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. உடம்பு அசந்தால் எதிர்ப்பும் அசருகிறதே என்று மர்ரேவுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

பாஸ்டனில் கைரேகையோடு விடவில்லை. ரொனால்டின் தோலில் ஒரு துண்டை ரிச்சர்டின் கையில் ஒட்டிப் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டது. டிசம்பர் 23 அன்று ஆபரேஷன், வெற்றி! ரிச்சர்டு தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்து, மேலும் 8 வருடம் வாழ்ந்தார். 1990இல் மர்ரேவுக்கு நோபல்.

சரி, இரட்டைச் சகோதரன் இல்லாதவர் என்ன செய்வது? எதிர்ப்பை அடக்கும் மாத்திரைதான். 1960களில் அசதயோப்ரின், அப்புறம் சைக்ளோஸ்போரின், இப்போது டாக்ரோலிமஸ். கோரிப்பாளையம் டீக்கடையில் ஒரு நாள் பக்கத்தில் நின்றவரின் போனில் அலாரம் அடித்தது. கையில் வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு மாத்திரை போட்டார். "தம்பி, கிட்னி மாத்தி ஆறு வருசமாச்சு. இந்த அலாரத்துக்கு மட்டும் லீவே கிடையாது" என்றார்.

மாத்திரையே இல்லாமல் உடம்பைப் பழக்க முடியாதா? இப்போதுதான் மாடு வருகிறது. எனக்கு இந்த வீடியோவிலேயே பிடித்த இடம் இதுதான், தள்ளிவிடாதீர்கள்!

பசு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவோம் இல்லையா? வயிற்றில் இரட்டைக் கன்று இருந்தால், அந்த நஞ்சுக்கொடியிலேயே இரண்டின் ரத்தக் குழாய்களும் பெரும்பாலும் இணைந்துவிடும். இதன் ரத்தம் அதற்கு, அதன் ரத்தம் இதற்கு. காளைக்கன்றோடு கூடப் பிறந்த கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காததற்கும் இதுதான் காரணம். மாடு வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1945இல் ரே ஓவன் என்பவர் இந்த இரட்டைக் கன்றுகள் பிறந்த பிறகும் ஒன்றின் ரத்த செல்லை மற்றொன்று சுமப்பதைக் கண்டுபிடித்தார். பீட்டர் மெடாவர் குழு ஜாடையே ஒட்டாத இரட்டைக் கன்றுகளிடையே தோலை மாற்றி ஒட்டியது. கழன்று விழும் என்று எதிர்பார்த்தார்கள். அநேகமாக எல்லாமே ஒட்டிக்கொண்டது! எதிர்ப்பு சக்தி உருவாகும் வயதிலேயே பார்த்துப் பழகியதால், உடம்பு அதையும் தன் வீட்டு ஆளாகவே நினைத்துவிட்டது. 1953இல் இதையே எலிக்குட்டி கருவில் இருக்கும்போதே வேறு இன எலியின் செல்லை ஊசியில் ஏற்றிச் செய்து காட்டினார்கள். 1960இல் மெடாவருக்கு நோபல்.

இந்த யோசனையை வைத்துக்கொண்டு, கொடுப்பவரின் எலும்பு மஜ்ஜை செல்லையும் சேர்த்து ஏற்றிச் சிலருக்கு மாத்திரையையே நிறுத்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்கவில்லை. அதனால் டீக்கடை அண்ணனின் அலாரம் இன்னும் ஓயவில்லை.

அலங்காநல்லூர், பாலமேடு மக்களே, உங்கள் தொழுவத்தில் காளையும் கிடாரியுமாக இரட்டை பிறந்திருக்கிறதா? அந்தக் கிடாரி சினை பிடித்ததா இல்லையா, கமெண்டில் சொல்லுங்கள்.